பெயரோடு வந்த குறிப்புகள்: ஜெராக்ஸ் நிறுவனத்தில் கதையும் பகிர்ந்த அனுபவமும்

நகல் எடுப்பதையே "ஜெராக்ஸ் எடுப்பது" என்று சொல்லிப் பழகிவிட்ட நமக்கு, தெருமுனைக் கடைப் பலகையில் காணும் அந்தச் சொல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர் என்பது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. 1959-ல் 914 என்ற நகல் இயந்திரத்தை வெளியிட்டு அலுவலகங்களின் வேலைமுறையையே மாற்றிய அந்நிறுவனம், வணிகத் தலைமையில் கதைக்கு என்ன இடம் என்று ஆராய விரும்புவோருக்கு அரிய வாய்ப்பொன்றைத் தருகிறது. 1980-களில் தொடங்கி 2005 வரை அங்கு மூன்று வகையான கதைகள் புழங்கின. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டவை முதல் வகை; 1990-களின் பிற்பகுதியில் தலைமை முதலீட்டாளர்களுக்குச் சொன்னது இரண்டாவது; நிறுவனம் திவாலின் விளிம்பில் நின்றபோது புதிய தலைவர் ஊழியர்களுக்காக எழுதியது மூன்றாவது.

முதலாவதும் மூன்றாவதும் நிறுவனத்துக்குக் கைகொடுத்தன. இரண்டாவது அதை ஏறக்குறைய மூழ்கடித்தது. கதை சொல்லும் திறமையில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. கதையைக் கேட்டவரால் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்ததா என்பதில்தான் வேறுபாடு இருந்தது என்பது இந்த ஆய்வின் வாதம். தலைமைப் பண்புப் பயிற்சி வகுப்புகளில் "கதையாகச் சொல்லுங்கள்" என்ற அறிவுரை இன்று தாராளமாகக் கிடைக்கிறது. அது யாருடைய கதை, அதை யார் சரிபார்ப்பார் என்ற கேள்விதான் அங்கே அதிகம் எழுவதில்லை.

கையேடு முடியும் இடம்

ஜெராக்ஸின் வருமானத்தில் விற்பனைக்கு இணையாகப் பராமரிப்புக்கும் பங்கு உண்டு. பெரிய நகல் இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகக்கூடியவை. அவற்றை நாடு முழுவதும் அலைந்து சரிசெய்யும் டெக்னீஷியன்களின் நேரமும் அவர்கள் மாற்றும் உதிரிப் பாகங்களும் நிறுவனத்தின் பெருஞ்செலவுகளில் அடங்கும். இச்செலவைக் கட்டுப்படுத்த நிர்வாகம் கண்ட வழி, விரிவான கையேடுகளைத் தயாரிப்பது. இயந்திரம் காட்டும் பிழைக் குறியீட்டைப் பார், கையேட்டில் அதற்குரிய பக்கத்தைத் திற, அங்குள்ள சோதனையைச் செய், "ஆம்" என்றால் இந்தப் படிக்கும் "இல்லை" என்றால் அந்தப் படிக்கும் போ என்ற முறையில் அவை எழுதப்பட்டிருந்தன. கையேட்டைப் பின்பற்றத் தெரிந்தால் போதும், இயந்திரத்தைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை என்பதே அதன் அடிப்படை எண்ணம்.

நடைமுறையில் நிலைமை வேறாக இருந்தது. ஒரே மாதிரி இயந்திரங்கள் இரண்டு, ஒன்று ஈரப்பதம் மிகுந்த கட்டடத்திலும் மற்றொன்று குளிரூட்டப்பட்ட அறையிலும் சில ஆண்டுகள் ஓடிவிட்டால், அதன்பின் அவை ஒரே இயந்திரங்கள் அல்ல. தாளின் தரம், பாகங்களின் வயது, பயன்படுத்துவோரின் பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குணத்தைக் கொடுத்துவிடுகின்றன. கையேட்டை எழுதியவர்கள் எதிர்பார்த்த பழுதுகளுக்கு மட்டுமே அதில் விடை இருந்தது.

ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஜூலியன் ஓர், 1980-களில் இந்த டெக்னீஷியன்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அவர் மானிடவியல் ஆய்வாளர். அதற்கு முன் தாமே டெக்னீஷியனாகக் கருவிகளைப் பழுதுபார்த்தவர் என்பதால், கையில் கறை படிந்தவர்கள் பேசும் மொழி அவருக்கு அந்நியமாக இருக்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் அவர்களோடு அமர்ந்தும், வாடிக்கையாளர் அலுவலகங்களுக்கு அவர்களோடு சென்றும் அவர் கண்டவை 1996-ல் நூலாக வெளிவந்தன.

அவர் கண்டவற்றுள் முதன்மையானது, அவர்கள் தனியாக வேலை செய்பவர்கள் என்ற நிர்வாகத்தின் கணிப்பு தவறு என்பது. வேலை ஒதுக்கீட்டுத் தாளில் அப்படித்தான் தோன்றும்: ஓர் அழைப்பு, ஓர் ஆள், ஓர் இயந்திரம். ஆனால் அவர்கள் காலைச் சிற்றுண்டிக்குக் கூடினார்கள், மதிய உணவுக்குக் கூடினார்கள், உதிரிப் பாகக் கிடங்கின் காபி பானையருகே நின்றார்கள். கூடிய இடமெல்லாம் இயந்திரங்களைப் பற்றியே பேசினார்கள். போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் சொல்வது போல, எந்த இயந்திரம் என்ன செய்து ஏமாற்றியது, எப்படிப் பிடிபட்டது என்ற கதைகள். வேலைத் திறனை அளக்கும் ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தால், இந்தக் கூடல்களை வீண் நேரம் என்று கணக்கெழுதி நிறுத்தச் சொல்லியிருப்பார்.

ஜூலியன் ஓர் பதிவுசெய்த சம்பவங்களில் ஒன்று இந்த ஆய்வுக்கு மிகவும் வேண்டியது. புதிதாக நிறுவப்பட்டு, ஒருபோதும் சரியாக ஓடாத இயந்திரம் ஒன்று. அது காட்டிய பிழைக் குறியீடு சுட்டிய பாகங்களை டெக்னீஷியன் மாற்றிப் பார்த்துவிட்டார், பயனில்லை. தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரை உதவிக்கு அழைத்தார், அவருக்கும் புரியவில்லை. கையேடு அத்தோடு தீர்ந்துவிட்டது. இயந்திரத்தையே மாற்றித் தருவது ஒரு வழிதான் என்றாலும், அதற்குச் செலவு அதிகம். தன்னால் முடியவில்லை என்று வாடிக்கையாளர் முன் ஒப்புக்கொள்வதாகவும் அமையும். எனவே இருவரும் இயந்திரத்தை ஓடவிட்டபடியே, இதுபோன்று எங்கே பார்த்தோம் என்று ஒருவருக்கொருவர் கதை சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் அரைகுறையாக நினைவுகூர்ந்ததை மற்றவர் நிரப்பினார். பொருந்தாத கதைகளும் பயன்பட்டன. இது அதுவல்ல என்று ஒரு சாத்தியத்தை அவை விலக்கின. ஒரு டஜன் அளவுக்குக் கதைகள் சொல்லப்பட்ட பின் காரணம் பிடிபட்டது: குறியீடு ஓரிடத்தைக் காட்ட, உண்மையான பழுது மின்னேற்றக் கம்பி பொருந்திய வேறொரு பாகத்தில் இருந்தது. அந்தக் குறியீட்டை நம்பாதே என்ற அறிவு கதையாக மாறி, அடுத்தடுத்த உணவு மேசைகளில் பிறருக்கும் போய்ச் சேர்ந்தது.

இங்கே கதை பொழுதுபோக்காகவோ ஊக்கமூட்டலாகவோ பயன்படவில்லை; அதுதான் பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியாகவே இயங்கியது. சொன்ன கதை சரியா என்பதை அடுத்த சோதனைப் பிரதி அந்த இடத்திலேயே காட்டிவிட்டது. மிகைப்படுத்தியவர் மறுநாளே பிடிபடுவார் என்பதால், டெக்னீஷியன்களின் கதை மரபில் ஒரு நாணயம் இயல்பாகவே உருவாகியிருந்தது.

வானொலியிலிருந்து யுரேகா வரை

ஆய்வு மையத்தை வழிநடத்திய ஜான் சீலி பிரவுன் இந்தக் கண்டறிதலின் பொருளை விரைவில் உணர்ந்தார். முதலில் செய்தது எளிய காரியம். டென்வர் நகரில் டெக்னீஷியன்களுக்கு இருவழி ரேடியோக்கள் கொடுக்கப்பட்டன. காபி பானையருகே நடந்த பேச்சு நாள் முழுவதும் தொடர்ந்தது. அதில் எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் வாய் திறக்காமலே, மூத்தவர்கள் ஒரு பழுதை எப்படி யோசித்துத் தீர்க்கிறார்கள் என்பதைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டார்கள். பட்டறையில் எடுபிடியாக நின்று தொழில் பழகியவர் எவருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. ஆனால் ரேடியோப் பேச்சு அந்த வட்டாரத்தோடும் அந்த நேரத்தோடும் மறைந்துவிடும் என்பது அதன் எல்லை.

இதே காலத்தில், மையத்தின் செயற்கை அறிவுத் துறையினர் இன்னொரு பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். டேனியல் பாப்ரோவும் ஒலிவியே ரேமானும் இயந்திரத்தின் கட்டமைப்பை மாதிரியாக்கி, பழுதைத் தானே ஊகிக்கும் மென்பொருளை உருவாக்கி டெக்னீஷியன்களிடம் காட்டினார்கள். டெக்னீஷியன்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதிரியில் இருக்கும் பழுதுகள் ஏற்கெனவே கையேட்டில் இருப்பவை. தங்களைத் திணறடிப்பவையோ யாரும் எதிர்பாராத பழுதுகள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். தாங்கள் உழைத்து உருவாக்கியதைப் பயனாளர் வேண்டாம் என்றபோது, பயனாளருக்குப் புரியவில்லை என்று முடிவுகட்டாமல் கேள்வியையே மாற்றிக்கொண்ட ஆய்வாளர்களின் பணிவை இங்கே குறிப்பிட வேண்டும். எல்லா நிறுவனங்களிலும் இது நடப்பதில்லை.

மாற்றிக்கொண்ட கேள்வி இதுதான்: கையேட்டில் இல்லாததை டெக்னீஷியன்கள் தாங்களே எழுதினால் என்ன? ஏற்கெனவே பலர் தம் சட்டைப் பையில் இருக்கும் குறிப்பேட்டில் இத்தகைய நுணுக்கங்களை எழுதி வைத்திருந்தார்கள். 1990-களின் முற்பகுதியில் பிரான்ஸில் தொடங்கிய முயற்சி அந்தக் குறிப்பேடுகளைப் பொதுவாக்க முனைந்தது. தொலைபேசி இணைப்பு வழியே அந்நாட்டில் பரவலாக இயங்கிய மினிடெல் வலையமைப்பு குறிப்புகளைக் கொண்டுசேர்க்கப் பயன்பட்டது. யுரேகா என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு பின்னர் கனடாவுக்கும், அதன்பின் அமெரிக்காவுக்கும், பிற நாடுகளுக்கும் பரவியது. தலைமையகம் அதை உடனே கைநீட்டி வரவேற்கவில்லை. நாடு நாடாக, டெக்னீஷியன்களின் விருப்பமே அதைத் தள்ளிக்கொண்டு போனது.

அமைப்பின் விதிகள் சிலவே. ஆனால் ஒவ்வொன்றும் யோசித்து வகுக்கப்பட்டது. ஒரு டெக்னீஷியன் பழுதின் அறிகுறி, காரணம், தீர்வு ஆகியவற்றை எழுதி அனுப்புவார். அந்த வகை இயந்திரத்தில் தேர்ந்த வல்லுநர்கள், அதாவது அதே சமூகத்தின் மூத்தவர்கள், அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் ஏற்பார்கள். குறையிருந்தால் எழுதியவரோடு பேசித் திருத்துவார்கள். ஏற்கப்பட்ட குறிப்பு, எழுதியவரின் பெயரோடு எல்லோருக்கும் போகும்.

பெயர் என்ற அந்தச் சிறு விவரத்தில்தான் இந்த நிகழ்வின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல குறிப்புக்குப் பணம் கொடுக்கலாம் என்பது எந்த மேலாளருக்கும் முதலில் தோன்றும் யோசனை. இங்கும் அது பேசப்பட்டது. அமைப்பை வடிவமைப்பதில் பங்கேற்ற டெக்னீஷியன்களே அதை மறுத்தார்கள். பணம் என்று வந்துவிட்டால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், அற்பக் குறிப்புகள் குவியும், யாருடையது முதலில் என்ற சண்டை வரும் என்பது அவர்கள் அச்சம். அவர்கள் வேண்டியது தம் பெயர் தம் கூட்டாளிகளின் கண்ணில் படுவது மட்டுமே. டெக்னீஷியன்கள் கூடிய கூட்டமொன்றில், பயனுள்ள குறிப்புகளை எழுதிய ஒருவரை அடையாளம் கண்ட சக பணியாளர்கள், யாரும் சொல்லாமலே எழுந்து நின்று கைதட்டியதாகப் பிரவுன் எழுதியிருக்கிறார். இந்தக் கைதட்டலை நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்தால் அதற்கு இந்த மதிப்பு வந்திருக்காது.

பெயருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குறிப்பைப் படிப்பவர் எழுதியவரை அறிந்தவராகவோ, அறிந்தவரிடம் விசாரிக்கக்கூடியவராகவோ இருந்தார். குறிப்பு தவறாகப் போனால் பழியும் அந்தப் பெயருக்கே. எனவே ஒரே வரி, பாராட்டையும் பொறுப்பையும் சேர்த்தே சுமந்தது. காபி பானையருகே நேரில் கதை சொன்னவருக்கு இருந்த நாணயக் கட்டுப்பாடு, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் இவ்வாறு நீடித்தது.

யுரேகாவால் ஜெராக்ஸ் சுமார் 10 கோடி டாலர் மிச்சப்படுத்தியதாக 2000-ம் ஆண்டு வாக்கில் மதிப்பிடப்பட்டது. தடுக்கப்பட்ட செலவைக் கணக்கிடுவதில் ஊகத்துக்கு இடம் அதிகம் என்பதால், இத்தகைய தொகைகளை நான் சற்று ஒதுக்கியே வைக்கிறேன். ஆயினும் குறிப்பு எழுதுவதற்குக் கூலி எதுவும் பெறாத டெக்னீஷியன்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எழுதினார்கள் என்பது, எந்த டாலர் மதிப்பீட்டையும் விட உறுதியான சான்று.

சோதிக்க முடியாத கதை

கீழ்த்தளத்தில் யுரேகா வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மேல்தளத்தில் வேறொரு கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஜப்பானியப் போட்டியாளர்களும் அச்சு இயந்திரங்களும் நகல் இயந்திரச் சந்தையைக் குறுக்கிக்கொண்டிருக்க, ஜெராக்ஸ் தொடர்ந்து வளர்கிறது என்ற தோற்றத்தை நிதி அறிக்கைகள் காட்டின. வாடகை ஒப்பந்தங்களின் வருமானத்தில் பிந்தைய ஆண்டுகளுக்கு உரியதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்து, 1997 முதல் 2000 வரை இயந்திர வருமானத்தில் 300 கோடி டாலருக்கு மேல் முன்னதாகக் காட்டியதாகவும், வரிக்கு முந்தைய லாபத்தை ஏறத்தாழ 150 கோடி டாலர் உயர்த்தியதாகவும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் 2002 ஏப்ரலில் குற்றஞ்சாட்டியது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் நிறுவனம் ஒரு கோடி டாலர் அபராதம் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. பின்னர் பல ஆண்டுக் கணக்குகளைத் திருத்தி வெளியிட்டது.

இதோடு நிர்வாகச் சீர்குலைவும் சேர்ந்தது. விற்பனைப் படையைப் பகுதிவாரியாக இருந்த நிலையிலிருந்து தொழில்வாரியாக மாற்றியதும், 36 பில்லிங் மையங்களை மூன்றாகச் சுருக்கியதும் ஒரே நேரத்தில் நடந்தன. வாடிக்கையாளர்களுக்குப் பழகிய விற்பனையாளர் காணாமல் போனார். பில்களும் தவறாக வந்தன.

இரண்டு தளங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் ஓர் ஏற்றத்தாழ்வு கண்ணில் படுகிறது. ஒரு டெக்னீஷியன் ஒரு கம்பியைப் பற்றி எழுதிய நான்கு வரியைக்கூட இன்னொருவர் சோதித்த பிறகே நிறுவனம் ஏற்றது. நிறுவனம் முழுவதையும் பற்றித் தலைமை சொன்ன கதைக்கு, அதே நிறுவனத்துக்குள் அப்படியொரு மூத்தவர் குழு இருக்கவில்லை. களத்தில் வாடிக்கையாளர் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மேலே போய்க்கொண்டிருந்த எண்களைக் கேள்வி கேட்க வழியும் இல்லை. யுரேகா இவ்வளவு நன்றாக இயங்கியும் நிறுவனத்தைக் காக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை: அறிவைப் பகிரும் ஒழுக்கம் ஒரு தளத்தில் மட்டும் நின்றுவிட்டது.

பள்ளத்தில் விழுந்த பசு

2000 மே மாதம் ஆன் மல்காஹி நிறுவனத்தின் தலைவராக அறிவிக்கப்பட்டபோது பங்கின் விலை ஒரே நாளில் 15 விழுக்காடு சரிந்தது. 1976-ல் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த அவருக்கு நிதித் துறையில் பயிற்சி இல்லை. நிறுவனத்தின் கடனோ 1,700 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அவர் தமக்குக் கீழே பணியாற்றிய நிதிப் பகுப்பாய்வு அதிகாரி ஒருவரிடம் இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கப் பாடம் கேட்டார். மாலையில் வீட்டுக்குப் போகும்போது பாடப்புத்தகங்களை எடுத்துச் சென்றதாகவும் சொல்லியிருக்கிறார். ஐந்து பேர் இருக்கும் கடையிலேயே முதலாளி தனக்குத் தெரியாததைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்கக் கூச்சப்படுவார்; ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பணியாற்றிய நிறுவனத்தின் தலைவர் அதைச் செய்தார். யுரேகாவில் மூத்த வல்லுநர் இளையவரின் குறிப்பை ஏற்ற அதே மனநிலை இது.

அடுத்து அவர் செய்தது உண்மையைச் சொன்னது. 2000 அக்டோபரில் முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களிடம், நிறுவனத்தின் வணிக முறை நிலைக்கத்தக்கதல்ல என்று வெளிப்படையாகவே கூறினார். மறுநாள் பங்கு 26 விழுக்காடு விழுந்தது. முந்தைய கதையை முறிப்பதற்கு அது விலை. திவால் மனு கொடுத்துக் கடனிலிருந்து விடுபடுமாறு ஆலோசகர்கள் வலியுறுத்தியும் அவர் இணங்கவில்லை.

இந்த நாட்களில் அவர் பலமுறை எடுத்துச் சொன்ன ஒரு சிறு கதை, டல்லஸ் நகரில் ஒரு தொழிலதிபர் அவருக்குச் சொன்னது. பசு பள்ளத்தில் விழுந்துவிட்டால் முதலில் அதை வெளியே தூக்கு. பிறகு அது எப்படி விழுந்தது என்று கண்டுபிடி. மீண்டும் விழாதபடி வேண்டியதைச் செய். நம் கிராமத்து மாட்டுக்காரர் இதைக் கதை என்றே எண்ணமாட்டார், வேலை என்பார். கதைக்குள் ஒரு வரிசை இருந்தது என்பதே அதன் பயன். யார் தள்ளிவிட்டார்கள் என்ற விசாரணையில் நிறுவனம் மூழ்கிவிடாமல், பணப்புழக்கத்தைச் சரிசெய்வதே முதல் வேலை என்பது கடைசி ஊழியருக்கும் புரிந்தது. சிறிய அலுவலகங்களுக்கான இங்க்ஜெட் தொழில் 2001-ல் மூடப்பட்டது. உற்பத்தியின் பெரும்பகுதி ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. ஆனால் ஆராய்ச்சியில் கைவைக்க அவர் மறுத்துவிட்டார்.

ஆயினும் ஊழியர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: இதெல்லாம் முடிந்தபின் நாம் எப்படி இருப்போம்? உயிர் பிழைப்பதே குறிக்கோளாக இருந்த மல்காஹிக்கு முதலில் அந்தக் கேள்வி பொறுமையைச் சோதித்திருக்க வேண்டும். பிறகு அவரும் அவருடைய குழுவினரும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் 2005-ல் வெளிவருவது போன்ற கற்பனைச் செய்தி ஒன்றை எழுதினார்கள். அடைய நினைத்தவை எல்லாம் அடையப்பட்டுவிட்டதைப் போல, செயல்பாட்டு அளவீடுகளோடும், பங்குச் சந்தைப் பகுப்பாய்வாளர்கள் சொல்வதாகக் கற்பனை செய்த கருத்துகளோடும் அது அமைந்தது. ஊழியர் அனைவருக்கும் அது வழங்கப்பட்டது.

எதிர்காலத்தைப் பற்றிய கற்பனை என்ற அளவில் இதுவும் முந்தைய நிர்வாகத்தின் கதையைப் போன்றதே என்று ஒருவர் வாதிடலாம். இரண்டையும் பிரிப்பது வடிவம். முந்தைய கதை நிகழ்காலத்தைப் பற்றிய கூற்றாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. கேட்டவரால் உடைத்துப் பார்க்க இயலவில்லை. மல்காஹியின் செய்தி, கற்பனை என்று அறிவித்துக்கொண்டே வந்தது, தேதி இட்டிருந்தது, எண்களைச் சொன்னது. 2005 வந்ததும் அதை எடுத்துப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லும் வாய்ப்பு ஒவ்வொரு ஊழியரின் கையிலும் இருந்தது. எழுதியவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெயர், சோதனை என்ற யுரேகாவின் இரண்டு விதிகளும் இதிலும் இருந்தன. மல்காஹி யுரேகாவை மனத்தில் வைத்து இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. களத்தில் விற்பனை செய்து வளர்ந்தவருக்கு, வாடிக்கையாளர் சரிபார்க்க முடியாத வாக்குறுதி எத்தனை நாள் நிற்கும் என்பது தெரிந்திருக்கும்.

2005-ல் ஜெராக்ஸின் நிகர லாபம் ஏறத்தாழ 98 கோடி டாலர். கடன் வெகுவாகக் குறைந்திருந்தது. 2009 ஜூலையில் மல்காஹி தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பை உர்சுலா பர்ன்ஸிடம் ஒப்படைத்தார். அவர் 1980-ல் கோடைக்காலப் பயிற்சியாளராக அங்கே சேர்ந்தவர்.

பெயர் யாருடையது, அறிவு யாருடையது

இந்த மீட்சியில் கணக்கில் சேர்க்கப்படாத ஒரு பக்கம் உண்டு. 2000-ல் 90,000-க்கும் மேலாக இருந்த ஊழியர் எண்ணிக்கை 2005-ல் சுமார் 55,000 ஆயிற்று. சிலர் பணியோடு சேர்த்து வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார்கள், மற்றவர்கள் வேலையை இழந்தார்கள். வெளியேறும் ஒவ்வொருவரோடும் அனுபவமும் வெளியேறும் என்பது நிர்வாகங்களின் வழக்கமான கவலை. யுரேகா அந்தக் கவலையைப் பாதியாவது தீர்க்கும் என்பதே மேலாளர்களுக்கு அதன் கவர்ச்சி.

டெக்னீஷியனின் இடத்திலிருந்து பார்த்தால் அதே சிறப்பு வேறு முகத்தைக் காட்டுகிறது. சட்டைப் பைக் குறிப்பேட்டில் இருந்தவரை அந்த நுணுக்கம் அவருடைய வேலைக்கு ஓரளவு காப்பாக இருந்தது. எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தபின், அவர் இல்லாமலும் அது இயங்கும். பணத்தை மறுத்துப் பெயரை மட்டும் கேட்டவர்கள், அந்தப் பெயரைக் காணப்போகும் கூட்டாளிகள் தம்மோடு நீண்ட நாள் இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான் கேட்டிருப்பார்கள். ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்ட பிறகு தொடங்கப்பட்டிருந்தால் யுரேகாவுக்குக் குறிப்புகள் வந்திருக்குமா என்பது ஐயமே. பிரான்ஸின் டெக்னீஷியன்கள் முதல் குறிப்புகளை எழுதியது, அப்படியொரு அறிவிப்பு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு.